காது ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை: அட்மிட் ஆகும் முன் கவனியுங்கள்

எங்கள் தெருவில் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமிக்கு இரண்டு வருடமாகக் காதில் சீழ் வடிந்தது. பஞ்சு வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். நாற்றம் தெரியக் கூடாதென்று மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் பாத்ரூமில் போய்ப் பஞ்சை மாற்றுவாள். ஜவ்வில் ஓட்டை, ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டர். அரசுக் காப்பீட்டு அட்டையைப் பத்திரமாக பிளாஸ்டிக் கவரில் போட்டு அம்மா எடுத்துப் போனார். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அட்டை சரிம்மா, பாப்பா பேரு இதுல ஏறலையே" என்றார். அட்டை எடுத்தபோது பாப்பா பிறக்கவே இல்லை.

தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 10,000. கொத்தனார் வேலைக்குப் போகிறவர் இதைத் தாண்டாமல் எப்படிக் குடும்பம் நடத்துவார் என்று யாரும் கேட்பதில்லை. கணவர் சம்பாத்தியத்தை மட்டும் காட்டினால் போதாது, மொத்தக் குடும்பத்துக்கும்தான் கணக்கு.

ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறவர்தான் குடும்பம். ஆகவே வீட்டில் எல்லார் பெயரும் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று காது நன்றாக இருக்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தரும் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். போகும் முன் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு இனிஷியல் முன்னும் பின்னும் மாறியதற்காக அந்த அம்மா மூன்று நாள் கூலியை விட்டார்.

அடுத்த பொறி ஆஸ்பத்திரி வாசலில். "காப்பீட்டுத் திட்ட மருத்துவமனை" என்று போர்டு இருக்கும். ஆனால் இருதயத்துக்கும் எலும்புக்கும் மட்டும் அனுமதி வாங்கியிருப்பார்கள், காது மூக்கு தொண்டைக்கு இருக்காது. "அட்டை செல்லுமா?" என்று கேட்டால் செல்லும் என்றுதான் பதில் வரும். "ஜவ்வு ஒட்டும் ஆபரேஷனுக்கு இங்கே செல்லுமா?" என்று ஆபரேஷன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டான்சிலுக்கும் சைனஸுக்கும் இப்படியேதான்.

அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான். சொட்டு மருந்து, மாத்திரை, தொண்டை வலிக்கு ஊசி எதற்கும் செல்லாது. ஜவ்வு ஒட்டுவதற்கு முன் காது காய வேண்டும் என்று டாக்டர்கள் வாரக்கணக்கில் சொட்டு மருந்து போடச் சொல்வார்கள். அந்தச் செலவைத் தனியாரில் செய்யாதீர்கள். அரசு மருத்துவமனை ஈஎன்டி பிரிவில் காதைச் சுத்தம் செய்வதும் மருந்தும் இலவசம். காத்திருக்கும் நாட்களில் குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. காய்ச்சிய எண்ணெய், கோழி இறகு, ஊக்கு எதுவும் கிட்டேயே வரக் கூடாது.

ஆனால் அழுகிய நாற்றத்தோடு சீழ் வந்தால் காத்திருக்க வேண்டாம். எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம். தலைசுற்றல், கடுமையான தலைவலி, வாய் ஒரு பக்கம் கோணுவது தெரிந்தால் அட்டை, சான்று எல்லாம் அப்புறம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அட்மிஷனுக்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியின் அப்ரூவல் (ஒப்புதல்) வர வேண்டும். இங்கேதான் பந்தாட்டம். ஆஸ்பத்திரி "இன்சூரன்ஸ்காரங்க பதில் போடலை" என்னும், அவர்களோ "ஆஸ்பத்திரி ஆடியோகிராமை ஏற்றவே இல்லை" என்பார்கள் (ஆடியோகிராம் என்பது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனைத் தாள்). நடுவில் நிற்பது நீங்கள். ஆஸ்பத்திரி அனுப்பிய அப்ரூவல் விண்ணப்பத்தின் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொல்லி 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் பந்து யார் காலில் கிடக்கிறதென்று தெரிந்துவிடும்.

"இப்போ பணம் கட்டுங்க, அப்ரூவல் வந்ததும் திருப்பித் தர்றோம்" என்று சொன்னால் கட்டாதீர்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். கட்டிய பிறகு அட்டையை நீட்டினால் கையை விரிப்பார்கள். வேறு வழியில்லாமல் கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் நகராதீர்கள், ரசீது இருந்தால்தான் அதே எண்ணில் புகார் நிற்கும்.

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு, காது கேட்காவிட்டால் ஊனமுற்றோர் சான்று வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் கேட்கும் திறனில் குறைந்தது 60 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) இழப்பு இருக்க வேண்டும். ஒரு காது முழுக்கப் போனாலும் கணக்கில் வராது.

அந்தச் சிறுமிக்குப் பெயர் ஏறி, அப்ரூவல் வந்து, ஆபரேஷன் முடிய ஏழு மாதம் ஆனது. ஆபரேஷன் நடந்தது ஒன்றரை மணி நேரம்.