18 வயதுக்குப் பிறகு எங்கே தங்குவது? இடைக்கால இல்லம் பற்றிய விளக்கம்

இலங்கைச் சட்டப்படி ஒருவர் 18 வயதில் பராயமடைகிறார். முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் பிறந்தநாள், இதுவரை இருந்த கூரையும் பொறுப்பாளரும் இனி இல்லாமற் போகலாம் என்ற அறிவித்தலுமாகும். உயர்தரப் பரீட்சை முடியும்வரை வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு. அதன் பின்னரும் போவதற்கு வீடில்லாதவர்களுக்கானதே இடைக்கால இல்லம். போர் முடிந்த 2009இல் பிறந்தவர்கள் 2027இல் இந்த வயதை எட்டுவதால், வன்னியில் இதைத் தள்ளிப்போட முடியாது.

இடைக்கால இல்லத்தில் அறையின் திறப்பு இளையவரின் கையிலேயே இருக்கும். அவர் தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ போய்வந்து, கிடைப்பதில் ஒரு பங்கைச் சேமித்து, சிக்கல் வரும்போது அங்குள்ள அலுவலரிடம் ஆலோசனை பெற்று, குறித்த காலத்துக்குள் தனியே வாழப் பழகுகிறார். அமெரிக்காவில் அரச நிதியில் நடக்கும் இத்தகைய திட்டத்தில் 16 வயது முதல் 22 வயதுக்குட்பட்டவர்கள் 540 நாட்கள்வரையும், விசேட காரணமிருந்தால் 635 நாட்கள்வரையும் தங்கலாம். அது நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால், அறுபது பேருக்குக் கிடாரத்தில் ஆக்கிய சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளைக்குத் தனக்கு மட்டும் எத்தனை சுண்டு அரிசி போடுவது என்றே தெரிந்திராது. வாடகை முற்பணமும் மின்பட்டியலும் அதற்கு அடுத்த பாடங்கள்.

பராமரிப்பிலிருந்து வெளியேறுவோருக்கான ஆயத்தம் வெளியேறுவதற்கு வெகு முன்னரே தொடங்கவேண்டும் என்பதே சிறுவர் மாற்றுப் பராமரிப்பு குறித்த 2009ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டி நெறிகளின் நிலைப்பாடு. ஆகவே 16 வயதிலேயே, இல்லப் பொறுப்பாளரிடமும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் அடுத்த தங்குமிடம் எது என்று எழுத்தில் கேட்டுவைப்பது நல்லது.

என் பார்வையில் கூரையைவிட முதலில் கைநழுவுவது பத்திரங்கள்தாம். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இல்லத்தின் விலாசம் செல்லுபடியாகும்போதே அதை முடித்துவிடவேண்டும். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் மரணச் சான்றிதழ் அல்லது (காணாமற்போனவர்களாயின்) காணக்கிடைக்காமைச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றின் மூலப்பிரதிகள் இல்லத்து அலுமாரியில் தங்கிவிடாமல் கேட்டு வாங்கவேண்டும்.

வன்னிக்கென்று இன்னொன்றும் உண்டு. இங்கே பல குடும்பங்களின் காணி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணி. பெற்றோர் தமக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைக் குறிப்பிடாமல் இறந்திருந்தால், முன்னர் ஆண்மக்களுக்கே முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அந்தக் காணியில் இப்போது சித்தப்பாவோ மாமாவோ குடியிருக்கலாம். அதனால் மட்டும் பிள்ளையின் உரிமை அற்றுப்போயிற்று என்று முடிவு கட்டிவிடவேண்டாம். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சொல்லி விசாரிக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால், பெற்றோரின் பெயரையும் கிராம அலுவலர் பிரிவையும் கொடுத்துக் காணிப் பேரேட்டைப் பார்க்கும்படி கேட்கலாம்.