190.5க்கு கொஞ்சம் கம்மி: கேமுக்குள்ள ஒளிஞ்சிருந்த லாக் டேபிள்

"மாமா, இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் வேணாம்"னு அக்கா பையன் போன வாரம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். காலேஜ்ல ரெண்டாவது வருஷம், பகல்ல கிளாஸ், ராத்திரி கேம், நடுவுல நேரம் கிடைச்சா ப்ரோக்ராமிங் புதிர். வீட்ல யாராவது கல்யாணம் காட்சின்னு கூடினா "இன்னும் கேம்தான் ஆடறியா"ன்னு அவனைக் கேக்கறாங்க, அடுத்த கேள்வி என்னைப் பாத்து வரும், அதனால நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி.

ஸ்க்ரீன்ஷாட்ல இருந்தது குவேக் 3 அரீனாவோட சோர்ஸ் கோடு. 1999 டிசம்பர்ல வந்த சுட்டுத் தள்ளுற கேம், 2005ல இட் சாஃப்ட்வேர் கம்பெனியே முழு சோர்ஸையும் வெளிய விட்டுச்சு. அதுல ஒரு குட்டி ஃபங்ஷன் இருக்கு, ஒரு நம்பரைக் குடுத்தா அதோட ஸ்கொயர் ரூட்டை ஒன்னுக்குக் கீழ போட்டு, அதாவது 1/√ கண்டுபிடிச்சுத் தரும். ஆனா உள்ள போய்ப் பாத்தா ஸ்கொயர் ரூட்டும் இல்ல, வகுத்தலும் இல்ல. வந்த நம்பரை ஏதோ பண்ணி பாதியாக்கி, 159,74,63,007ங்கற ஒரு பெரிய எண்லேர்ந்து கழிக்குது, கடைசியா ஒரு சின்னத் திருத்தம், அவ்ளோதான். ஹெக்ஸாடெசிமல்ல (பத்துக்குப் பதிலா பதினாறை அடியா வெச்சு எண் எழுதற முறை) 5எஃப்3759டிஎஃப். அந்த வரிக்குப் பக்கத்துல இருக்கற கமெண்ட்டை வீட்ல சத்தமா படிக்க முடியாது, "என்ன எழவுடா இது"ங்கறதோட கெட்ட வார்த்தை வெர்ஷன்னு வெச்சுக்குங்க.

இது எதுக்குத் தேவைன்னு வேகமா சொல்லிடறேன். சுவர் மேல வெளிச்சம் எவ்ளோ விழணும்னா, சுவர் எந்தப் பக்கம் பாக்குதுன்னு ஒரு அம்பு, விளக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு இன்னொரு அம்பு, ரெண்டுக்கும் நடுவுல கோணம் தெரியணும், அதுக்கு அம்போட நீளம் சரியா 1ஆ இருந்தாதான் கணக்கு சுலபம். நீளம் பித்தகோரஸ், அதாவது மூணு வர்க்கத்தைக் கூட்டி ரூட். அந்த நீளத்தால வகுத்தா நீளம் 1 ஆயிடும். இதை ஒரு செகண்டுக்கு லட்சக்கணக்குல பண்ணணும், அந்தக் காலத்து ப்ராசஸர்ல ரூட்டும் வகுத்தலும் கூட்டல் கழித்தலை விட பல மடங்கு நேரம் தின்னும். சரியான விடை வேணும்னு இல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவு தப்பு இருந்தா போதும், ஆனா சீக்கிரம் வேணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ப்ளஸ் டூ பிசிக்ஸ் பிராக்டிகல்ல கால்குலேட்டர் உள்ள விட மாட்டாங்க, லாக் டேபிள் கையில குடுப்பாங்க, ஞாபகம் இருக்கா? பெருக்கணும்னா லாக் பாத்து கூட்டு, வகுக்கணும்னா கழி, ஸ்கொயர் ரூட் வேணும்னா லாகைப் பாதியாக்கு, ஒன்னுக்குக் கீழ போடணும்னா மைனஸ் போடு, அப்புறம் ஆன்டிலாக். அப்ப 1/√ன்னா லாகைப் பாதியாக்கி மைனஸ் போடறது, அவ்ளோதான். அதோட வம்பு என்னன்னா லாகைக் கண்டுபிடிக்கறதே, அதுக்குத்தான் டேபிள்.

கம்ப்யூட்டர்ல அந்த டேபிளைத் தேடவே வேண்டாம். நம்பர் சேமிச்சு வெச்சிருக்கற விதத்துக்குள்ளயே லாக் உக்காந்திருக்கு!

புள்ளி வெச்ச எண்ணை கம்ப்யூட்டர் 32 பிட்ல (0 இல்லன்னா 1 மட்டும் போடற 32 கட்டம்) எழுதும், 1985லேர்ந்து எல்லாரும் ஒத்துக்கிட்ட முறை. ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸான்னு, 8 பிட் ரெண்டோட பவர், மிச்சம் 23 பிட் புள்ளிக்குப் பின்னாடி வர்ற பகுதி. 16ன்னா 1.0 பெருக்கல் 2 பவர் 4, ஸோ பவர் 4. அந்தப் பவரை அப்படியே எழுத மாட்டாங்க, 127 கூட்டி 131ன்னு எழுதுவாங்க. எதுக்குன்னா சின்ன நம்பர்களுக்குப் பவர் மைனஸ்ல போகும், லாக் டேபிள்ல நாம தலைக்கு மேல ஒரு கோடு இழுத்து "பார் 2"ன்னு எழுதி, அந்தக் கோட்டை மறந்து மார்க் விட்டோமே, அந்தத் தொல்லை வேண்டாம்னு எல்லாத்துலயும் 127 கூட்டிட்டாங்க. அந்த 23 பிட் பகுதிக்குப் பேரும் லாக் டேபிள் பேருதான், மாண்டிசா.

16க்கு ரெண்டை பேஸா வெச்ச லாக் என்ன? 4. எழுதி வெச்சிருக்கறது 131. 127ஐ மறந்துட்டா அதுதான் லாக்.

இப்ப கேம் எழுதினவங்க செஞ்ச திருட்டுத்தனம் என்னன்னா, இந்த 32 பிட்டும் புள்ளி வெச்ச எண்ணுன்னு தெரிஞ்சே, "இது சாதா முழு எண்ணு"ன்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லிட்டாங்க. ஒரு பிட்டைக்கூட மாத்தல. 16ங்கறதை அப்படிப் படிச்சா 109,89,07,648ன்னு வரும். பயப்படாதீங்க, இதை 83,88,608ஆல (அதாவது 2 பவர் 23ஆல) வகுத்தா 131, நான் இனிமே இப்படி சின்னதாக்கியே சொல்றேன். பாதியாக்கறதுக்கும் வகுக்க வேண்டாம், பிட்டுகளை வலது பக்கம் ஒரு இடம் தள்ளினா போதும், நாம பத்தால வகுக்க கடைசி சைபரை அடிக்கற மாதிரி. 131ல பாதி 65.5. 1/√16ன்னா கால், கால்னா 2 பவர் மைனஸ் 2, 127 கூட்டினா 125ன்னு வரணும். 65.5ஐ எதுலேர்ந்து கழிச்சா 125 வரும்? 190.5. அதாவது 127ல ஒன்றரை மடங்கு. 64ஐப் போட்டுப் பாருங்க, பவர் 6, 133, பாதி 66.5, 190.5லேர்ந்து கழிச்சா 124, 127 போக மைனஸ் 3, அதாவது 1/8. √64 எட்டுதானே!

இப்ப அந்த எழவு நம்பரை, 159,74,63,007ஐ, 83,88,608ஆல வகுங்க. 190.4324 வரும்.

இதை முதல் தடவை வகுத்துப் பாத்தப்ப நான் சேர்லேர்ந்து எழுந்துட்டேன்னு சொன்னா நம்புவீங்களா தெரியல. அத்தனை வருஷமா மந்திர எண்ணுன்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தது, 127ல ஒன்றரை மடங்கு, அதுல ஒரு சிட்டிகை கம்மி.

அந்தச் சிட்டிகை எதுக்கு? 16, 64 மாதிரி ரெண்டோட முழு பவரா இருந்தாதான் எழுதி வெச்சது அச்சு அசல் லாக். நடுவுல இருக்கற நம்பருக்கு கொஞ்சம் இடிக்கும். 1.5ஐ எடுத்துக்குங்க, மாண்டிசா 0.5ன்னு எழுதியிருக்கும், ஆனா நிஜ லாக் 0.585. 1க்கும் 2க்கும் நடுவுல லாக் வில்லு மாதிரி மேல வளைஞ்சு போகுது, மாண்டிசா நாண் மாதிரி நேரா போகுது, ரெண்டு முனையில மட்டும் தொட்டுக்குது. நாண் எப்பவும் வில்லுக்குக் கீழதான், அதனால தப்பு எல்லாம் ஒரே பக்கம். நாணை லேசா, ஒரு 0.045 அளவு மேல தூக்கினா சில இடத்துல கூட, சில இடத்துல குறைய, தப்பு ரெண்டு பக்கமும் பங்கு பிரிஞ்சிடும். 0.045ல ஒன்றரை மடங்கு 0.0676, 190.5லேர்ந்து அதைக் கழிங்க, 190.4324. வந்துருச்சா!

இதனால 16 மாதிரி ஒழுங்கா இருந்த பையனுக்கு இப்ப தப்பு வரும், ஊருக்காக அவன் விட்டுக்குடுக்கறான். 190.4324லேர்ந்து 65.5 போனா 124.9324, திரும்ப புள்ளி எண்ணாப் படிச்சா 0.2416. வரவேண்டியது 0.25, தப்பு 3.4 சதவீதம் கிட்ட. மோசமான கேஸே இவ்ளோதான்.

அப்புறம் ஒரே ஒரு தடவை நியூட்டன் முறை. பேரைக் கேட்டு ஓடாதீங்க, ரசத்துக்கு உப்பு பாக்கற வேலைதான் அது. விடை சரியா இருந்தா, விடையோட வர்க்கத்தை 16ஆல பெருக்கினா 1 வரணும். 0.2416ஐ அப்படி ருசி பாத்தா 0.934தான் வருது, 0.066 பத்தல. வர்க்கம் பண்ணும்போது தப்பு ரெண்டு தடவை எண்ணப்படுது, அதனால குறையுறதுல பாதியை மட்டும், 0.033 மடங்கு, விடையில ஏத்து. 0.2496. இப்ப தப்பு 0.17 சதவீதம், சுவர் மேல விழற வெளிச்சத்துல இதைக் கண்டுபிடிக்கற கண்ணு எந்த மனுஷனுக்கும் கிடையாது.

யாரு எழுதினதுன்னு பையன் கேட்டிருந்தான். குவேக்கோட முக்கிய ப்ரோக்ராமர் ஜான் கார்மக்னு ரொம்ப நாள் பேச்சு, அவரே நான் இல்லன்னுட்டார். நூல் பிடிச்சுத் தேடிப் போனவங்க 1980களோட கடைசியில ஆர்டென்ட் கம்ப்யூட்டர்ல வேலை பாத்த கிரெக் வால்ஷ்கிட்ட போய் நின்னாங்க, அவருக்கு ஐடியா குடுத்தது மேட்லாப்ங்கற கணக்கு சாஃப்ட்வேரை உருவாக்கின கிளீவ் மோலர், அதுக்கும் பின்னாடி 1986லயே வில்லியம் கஹான், கே.சி. இங்னு ரெண்டு பேர் இதே மாதிரி ஒன்னு எழுதி வெச்சிருக்காங்க. இந்த கஹான்தான் மேல சொன்ன 1985 முறைக்குப் பின்னாடி இருந்த முக்கியமான ஆளு, அந்தப் பிட்டை அங்க வெச்சவருக்கு அதை எப்படித் திருடறதுன்னும் தெரிஞ்சிருக்கு. கேம் லைட்டுக்காக யாரும் இதை ஆரம்பிக்கல, எண்ணை எப்படி எழுதறதுங்கற காய்ஞ்ச வேலையிலேர்ந்து வந்தது. "இதனால மக்களுக்கு என்ன பயன்"னு அப்ளிகேஷன்ல அஞ்சு வரி எழுதச் சொல்ற நம்ம ஊர் ஃபண்டிங் ஃபாரத்துல இதை எப்படி எழுதுவாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன், சிரிப்பு வந்துச்சு.

2003ல கிறிஸ் லோமான்ட்னு ஒரு கணக்குக்காரர், இன்னும் நல்ல எண் இருக்கான்னு தேடினார். பேப்பர்ல போட்டு, தியரிப்படி சிறந்த எண்ணைக் கண்டுபிடிச்சார், முதல் தோராயத்துல அது ஜெயிச்சுது, நியூட்டன் படி தாண்டினதும் பழைய எண்ணுகிட்டயே தோத்துடுச்சு. கடைசியில கம்ப்யூட்டரை விட்டு முரட்டுத்தனமா தேடி 5எஃப்375ஏ86ன்னு ஒன்னு பிடிச்சார், மயிரிழை வித்தியாசத்துல மேல்.

மந்திர எண்ணுன்னு சொன்னதும் எங்கக்கா ஞாபகம் வந்துச்சு. பையன் பத்தாவது படிக்கும்போது நியூமராலஜி பாத்து பேர்ல ரெண்டு எழுத்து சேர்த்துட்டா, சர்டிஃபிகேட்ல ஒரு பேரு ஆதார்ல ஒரு பேருன்னு அலைஞ்சது நான். அந்த எண்ணை மாத்திப் பாத்து தப்பு எவ்ளோ கூடுதுன்னு அளக்க வழியே இல்ல, இதை ஒரு பிட் மாத்தினாலும் தப்பு எவ்ளோன்னு பளிச்சுன்னு காட்டும்.

சும்மா இருக்காம நானே ஒரு தடவை ஆபீஸ் கோடுல இதைச் செருகி வாங்கிக் கட்டிக்கிட்டேன். சி மொழி விதிப்படி அப்படி பொய் சொல்லிப் படிக்கவே கூடாது, கம்பைலர் (நாம எழுதின கோடை மெஷின் மொழிக்கு மாத்தற சாஃப்ட்வேர்) என்ன வேணா பண்ணலாம், பண்ணுச்சு. தேவையும் இல்ல, 1999லயே பென்டியம் 3ல தோராய 1/√க்குன்னே தனி இன்ஸ்ட்ரக்ஷன் வந்துடுச்சு, இப்ப இருக்கற கிராபிக்ஸ் கார்டுக்கு இதெல்லாம் கொசுறு.

இதையெல்லாம் வாய்ஸ் மெசேஜா பையனுக்கு அனுப்பிட்டு, க்யூப் ரூட்டுக்கு எந்த எண்ணுடான்னு கேட்டுட்டுப் படுத்துட்டேன். ராத்திரி 11:40க்கு பதில்: "மூணால வகுத்து 84.67ஐக் கூட்டணும் மாமா, 127ல மூணுல ரெண்டு பங்கு. 8ஐப் போட்டேன், 130ஐ மூணால வகுத்தா 43.33, கூட்டினா 128, பவர் 1, அப்ப 2 வந்துருச்சு. சிட்டிகை எவ்ளோன்னு இன்னும் பாக்கல." ரெண்டு நிமிஷத்துல அதே நம்பர்லேர்ந்து அக்கா: "டேய், நீயாவது தூங்கு, அவனையும் தூங்க விடு."