‘க்ரூ’: பணியாளரா, குழுவா?

இரண்டாம் உலகப் போர் பற்றிய கட்டுரைகளில் ‘குண்டுவீச்சு விமானப் பணியாளர்கள்’ என்று படிக்கும்போதெல்லாம் மனம் ஒப்ப மறுக்கிறது. பணியாளர் என்றால் கொடுத்த வேலையைச் செய்பவர். ஆனால் அதன் மூலமான ‘க்ரூ’ (crew) என்ற ஆங்கிலச் சொல்லின் கதை வேறு.

‘வளர்தல்’ எனப் பொருள்படும் லத்தீன் வினைதான் அதன் வேர். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, களத்தில் நிற்கும் படைக்கு வலுச்சேர்க்க அனுப்பும் துணைப்படையைக் குறித்தது. பின்னர் கப்பலில் ஏறியது, பிறகு விமானத்தில். படைக்குப் புதிதாக ஆள் சேர்ப்பதைக் குறிக்கும் ‘ரெக்ரூட்’ என்பதும் அந்த வேரில் கிளைத்ததே.

பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர்: விமானி, பொறியாளர், வழிகணிப்பவர், குண்டைக் குறிபார்த்து விடுபவர், வயர்லெஸ் இயக்குபவர், முதுகிலும் வாலிலுமாக இரண்டு துப்பாக்கி வீரர்கள். இவர்களில் பெரும்பாலோரை மேலிடம் பட்டியல் போட்டுச் சேர்க்கவில்லை என்பதுதான் வியப்பு. பயிற்சித் தளத்தில் ஒரு பெரிய கொட்டகைக்குள் எல்லோரையும் விட்டு, “நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்” என்றார்கள். பொறியாளர் மட்டும் பின்னர் வந்து சேர்வார். முகம் பார்த்து, இரண்டு வார்த்தை பேசித் தேர்ந்துகொண்ட அந்த உறவோடுதான் 30 தாக்குதல் பறப்புகளை முடிக்க வேண்டும். வாலில் இருப்பவர் உறையும் குளிரில், பின்னோக்கியபடி, பல மணி நேரம் தனியே அமர்ந்திருப்பார்; தோழர்களின் குரல் மட்டுமே காதில் கேட்கும். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். அவர்கள் வீசிய குண்டுகளுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் பலியான பொதுமக்களை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனமில்லை.

தமிழில் இதற்கு நேரான சொல் ‘குழு’. குழுமுதல், ஒன்றுகூடுதல் அதன் உள்ளேயே இருக்கிறது. ஐம்பெருங்குழு என்று அரசவையிலும் ஆண்ட சொல் இது. நன்னூல் சொல்லும் குழூஉக்குறியும் இங்கே பொருந்துகிறது: பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றதுபோல, இந்த வீரர்கள் 4,000 பவுண்டு குண்டைக் ‘குக்கி’ என்றார்கள், வால் துப்பாக்கி வீரரை ‘டெயில் எண்ட் சார்லி’ என்றார்கள். தமக்குள் தனிமொழி வைத்துக்கொண்டவர்களைக் குழு என்னாமல் வேறென்ன சொல்வது?

பயணிகள் விமானத்தில் உணவு பரிமாறுவோரைப் பணியாளர் என்பதில் தவறில்லை. போர் விமானத்துக்கு ‘விமானக்குழு’ என்றே எழுதலாம். அதில் ஒருவரை மட்டும் சுட்ட ‘விமானக்குழு வீரர்’ போதும்.