ஒரு கிலோ நங்கூரத்தையும் தள்ளிவிடும் புத்தகங்கள்

ஏற்காட்டில் நண்பர் வீட்டு அலமாரியில் ஒரு ஜோடி பழைய புக் எண்ட் (புத்தக வரிசை சரியாமல் ஓரத்தில் வைக்கும் தாங்கி) இருக்கிறது. நங்கூர வடிவம், பித்தளை நிறம், ஒவ்வொன்றும் ஒரு கிலோ தேறும். அத்தனை கனம் இருந்தும் புத்தகங்கள் அதைத் தள்ளிக்கொண்டு சரிகின்றன.

நேராக நிற்கிற புத்தகம் பக்கவாட்டில் யாரையும் தள்ளுவதில்லை. சாய்ந்தால்தான் வம்பு. அரைக் கிலோ புத்தகம் 10 டிகிரி சாய்ந்தால், அதன் மேல்முனை பக்கத்திலிருப்பதைச் சுமார் 45 கிராம் எடையளவுக்குத் தள்ளும். பத்துப் புத்தகங்கள் வரிசையாகச் சாய்ந்தால் இந்தத் தள்ளல்கள் கூடிக்கொண்டே போய், கடைசியில் நங்கூரத்தின்மேல் ஏறத்தாழ 450 கிராம் விழும்.

மரப்பலகைக்கும் உலோகத்துக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று, அதாவது எடையில் பத்தில் மூன்று பங்கு தள்ளலை உராய்வு தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நங்கூரம் 300 கிராம் வரைதான் தாங்கும், அதற்குமேல் வழுக்கும். சரி, அடியில் ரப்பர் ஒட்டிவிட்டால்? வழுக்காது, கவிழும்! அதன் ஈர்ப்பு மையம் வெளிவிளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே இருந்து, புத்தகம் 15 செ.மீ. உயரத்தில் தள்ளினால், 330 கிராம் தாண்டியதுமே புரளத் தொடங்கும். கவிழத் தொடங்கும் அந்தக் கணத்தைத் தீர்மானிப்பது ஈர்ப்பு மையத்தின் உயரம் அல்ல, விளிம்பிலிருந்து அது இருக்கும் தூரம்தான். ஆகவே கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கர வடிவில், அகலமான அடிப்பாகத்தோடு செய்த புக் எண்ட், ஒல்லியான நங்கூரத்தைவிட நன்றாக நிற்கும்.

இதற்கு அழகான தீர்வு ஒன்று உண்டு. அமெரிக்கரான வில்லியம் பர்னார்ட் 1877-ல் காப்புரிமை பெற்ற தகட்டுத் தாங்கியில், மடித்த தகட்டின் ஒரு பகுதி புத்தகங்களுக்கு அடியில் போகும். மேலே நிற்கும் புத்தகங்களே அதை அழுத்திப் பிடிக்கின்றன. மூன்று அரைக்கிலோ புத்தகங்கள் ஏறினால், எடையே இல்லாத தகட்டுக்கும் 450 கிராம் பிடி கிடைத்துவிடும். நங்கூரத்தின் அடியிலும் இப்படி ஒரு தகட்டைப் பொருத்தலாம். எனக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான வீட்டுப் பொருள் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

பழசை வாங்குபவர்கள் கையில் ஒரு காந்தம் வைத்திருப்பது நல்லது. சேலம் கஞ்சமலையின் மேக்னடைட் (இரும்புத் தாது) கல்லில் ஒட்டுகிற அதே காந்தம், பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு, வெளியே வெறும் பூச்சு. கையில் தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்; பித்தளையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.5 கிராம், வார்ப்பிரும்புக்கு 7.2 கிராம் என்று இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படிப் பூச்சு என்று தெரிந்துவிட்டால், குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய பூச்சு போய்விட்டால், ஏற்காட்டு மூடுபனியின் ஈரத்தில் இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும், அந்தக் கறை புத்தக அட்டையிலும் ஏறும்.