புரோபேட் வாரிசுச் சான்று அன்று

"உயிலுக்கு வாரிசுச் சான்று கோரி நீதிமன்றத்தில் மனு." செய்திகளிலும் சட்டக் கேள்வி-பதில்களிலும் இப்படி எழுதுகிறார்கள். சொல்ல வந்தது புரோபேட். எழுதியதோ தாசில்தார் தரும் வேறொரு தாள்.

லத்தீனில் 'புரோபாரே' என்றால் சோதித்துப் பார்த்தல், மெய்ப்பித்தல். அதன் வழி வந்ததுதான் புரோபேட். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, நீதிமன்றம் முத்திரையிட்டுச் சான்றளித்த உயிலின் நகலும், அதோடு சேர்த்து வழங்கும் சொத்து நிர்வாக அதிகாரமும்தான் புரோபேட். ஆகவே 'உயில் மெய்ப்பிதழ்' என்பதே பொருத்தமான தமிழ். வெறும் 'மெய்ப்பு' என்று சுருக்கினால் அச்சகத்து மெய்ப்புத் திருத்தம்தான் நினைவுக்கு வரும். 'உயில்' என்பதே ஆங்கில 'வில்'தானே என்று கேட்கலாம். அது பத்திர எழுத்தர் முதல் பாட்டி வரை எல்லார் வாயிலும் ஊறிய சொல், இருக்கட்டும்.

வாரிசுச் சான்று ஏன் கூடாது? இறந்தவருக்கு மனைவி, மக்கள், பெற்றோர் யார் யார் என்று மட்டுமே அது சொல்லும். உயில் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. மெய்ப்பிதழோ வாரிசு யார் என்று சொல்வதில்லை. இந்த உயில் முறைப்படி எழுதிய கடைசி உயில்தான் என்கிறது. அதை வாங்குபவர் வாரிசாக இருக்கவேண்டியதும் இல்லை. நண்பரை நிறைவேற்றுநராக, அதாவது உயிலில் சொன்னதைச் செய்து முடிப்பவராக, உயிலில் எழுதியிருந்தால், மகன் இருக்க, அந்த நண்பருக்குத்தான் மெய்ப்பிதழ் கிடைக்கும். சொத்து இறந்தவருடையதுதானா என்பதையும் மெய்ப்பிதழ் தரும் நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை. 'உரிமைச் சான்று' என்று எழுதுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

'உயில் பதிவு' என்பது இன்னொரு தவறு. பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது, கட்டாயமும் இல்லை. பதிவான உயிலானாலும், நீதிமன்றத்துக்கு வந்தால் மெய்ப்பித்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் உயில் நியமிக்கும் நிறைவேற்றுநர், நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி இருவரையும் 'நிர்வாகி' என்றே எழுதிவிடுகிறார்கள். மனு திரும்புவது இந்த இடத்தில்தான். உயிலில் நிறைவேற்றுநராகப் பெயர் உள்ளவருக்கு மட்டுமே மெய்ப்பிதழ். பெயர் இல்லையென்றால், அல்லது அவர் இறந்துவிட்டால், உயில் இணைத்த நிர்வாக ஆவணம் என்ற வேறு மனுவைத்தான் போடவேண்டும்.

மனுவை மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். சென்னையில் உயர் நீதிமன்றத்தில். அசல் உயில், இறப்புச் சான்று, சொத்துப் பட்டியலும் மதிப்பும் வேண்டும். உயிலில் கையெழுத்திட்ட சாட்சிகளுள் ஒருவராவது கிடைத்தால் அவருடைய உறுதிமொழியும் வேண்டும். இருவரும் இறந்திருந்தால் அவர்களில் ஒருவருடைய கையெழுத்தையும் உயில் எழுதியவர் கையெழுத்தையும் அறிந்தவரைக் கொண்டுவரவேண்டும். மற்ற உறவினர் பெயரை மறைத்து வாங்கிய மெய்ப்பிதழைப் பின்னால் ரத்து செய்ய முடியும். யாராவது கேவியட் (தன்னைக் கேட்காமல் தரக்கூடாது என்னும் முன்னறிவிப்பு) போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறிவிடும். எதிர்ப்பே இல்லாவிட்டாலும், இறந்து 7 முழு நாள் கழியாமல் மெய்ப்பிதழ் தரமாட்டார்கள். தந்தபின் 6 மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்கவேண்டும்.

தமிழ்ச்சொல் உடனே வராவிட்டால் 'புரோபேட்' என்றே எழுதுங்கள். வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் அது புரியும். 'வாரிசுச் சான்று' என்று படித்தவரோ இ-சேவை மையத்தில்தான் போய் நிற்பார்.