மூணு வயர் பேஸ்மேக்கர் வச்சும் மூச்சு வாங்குதா? ரிப்போர்ட்ல இந்த நம்பரைக் கேளுங்க

பேஸ்மேக்கர் செக்கிங்குக்கு வர்றவங்க என்கிட்ட முதல்ல கேக்கறது "பேட்டரி எவ்ளோ வருஷம் வரும் சார்?"னுதான். கேக்க வேண்டியதுதான், ஆனா இதயத்தோட பம்பிங் கம்மியாகி சி.ஆர்.டிங்கற இந்த மூணு வயர் பேஸ்மேக்கர் வச்சவங்க, அதுலயும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கற (சுருக்கமா ஏ.எஃப்) தாறுமாறான துடிப்பும் கூட இருக்கறவங்க, அதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: "பைவென்ட்ரிகுலர் பேசிங் எத்தனை பர்சன்ட் வருது?" அதாவது, மொத்தத் துடிப்புல எத்தனையை மெஷின் ரெண்டு கீழ் அறையையும் சேர்த்துத் துடிக்க வச்சுக் கொடுக்குதுன்னு.

ஏன்னு சொல்றேன். ஹார்ட் ஃபெயிலியர்ல சில பேருக்கு இடது பக்கம் கரன்ட் போற பாதை அடைபட்டு, ஈ.சி.ஜி.ல க்யூ.ஆர்.எஸ் (கீழ் அறை துடிக்கறதைக் காட்டற அலை) அகலமா 150 மில்லி செகண்டுக்கு மேல வரும். ரெண்டு பேர் சேர்ந்து ஈரப் போர்வையைப் பிழியும்போது ஒருத்தர் முறுக்கி முடிச்சதுக்கப்புறம் இன்னொருத்தர் முறுக்க ஆரம்பிச்சா தண்ணி எப்படி இறங்கும், அந்த மாதிரிதான் இதயத்தோட கீழ் அறை சுவர்களும் முன்ன பின்ன சுருங்கி பம்பிங் 35%க்கும் கீழ போயிடுது. சி.ஆர்.டி மெஷின் வலது பக்கம் ஒரு வயர், இதயத்துக்குப் பின்னாடி ஓடற ரத்தக்குழாய் வழியா இடது பக்கம் ஒரு வயர்னு வச்சு ரெண்டையும் ஒரே நேரத்துல துடிக்க வைக்குது. மூணாவது வயர் மேல் அறைக்கு, அது நிரந்தர ஏ.எஃப் இருக்கறவங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

ஏ.எஃப்ல என்ன ஆகுதுன்னா, மேல் அறையில நிமிஷத்துக்கு முன்னூறுக்கும் மேல கரன்ட் தாறுமாறா ஓடிட்டு இருக்கும், நடுவுல இருக்கற ஏ.வி நோட் அதுல பாதிக்கு மேல தடுத்துட்டாலும் மிச்சம் கீழ இறங்கி 110, 130னு துடிப்பு வரும். மெஷினோட குணம் என்னன்னா, இதயம் தானா துடிச்சிட்டா அது பேசாம ஒதுங்கிடும். அப்போ லட்சக்கணக்குல செலவு பண்ணி வச்ச மெஷின் நெஞ்சுக்குள்ள சும்மா உக்காந்திருக்கு, துடிப்பு பழையபடி கோணலாவே ஓடுது.

சமீபத்துல வந்த ஒரு ஐயா, எழுபது வயசு தாண்டினவர், மெஷின் வச்சு ஆறு மாசம் ஆச்சு, "வாசல்லேர்ந்து கொல்லைக்குப் போறதுக்குள்ள உக்காந்துடறேன் தம்பி, மொதல்ல இருந்ததுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல"ன்னாரு. கட்டில்ல படுத்திருக்கும்போது ஈ.சி.ஜி பாத்தா 70, எல்லா துடிப்புமே மெஷின் கொடுத்தது, ரொம்ப அழகா இருக்கு. நெஞ்சு மேல வாண்டை (மெஷின்ல இருக்கற பதிவைப் படிக்கற கருவி) வச்சு, எந்த வேகத்துல எவ்ளோ துடிப்புன்னு கம்பம் கம்பமா காட்டற ஹிஸ்டோகிராமைத் திறந்தாதான் விஷயம் தெரிஞ்சுது, 80 வரைக்கும் இருக்கற கம்பமெல்லாம் மெஷினோடது, 90க்கு மேல இருக்கற அத்தனையும் அவரோட சொந்தத் துடிப்பு. மொத்தத்துல மெஷின் கொடுத்த துடிப்பு 86%. அதாவது படுத்தா மெஷின் வேலை செய்யுது, எந்திரிச்சு நடந்தா நின்னுடுது, அவருக்கு மூச்சு வாங்கறதும் நடக்கும்போதுதானே. கூட வந்த மருமக "ரேட் கொறைக்கிற மாத்திரை தீந்து கொஞ்ச நாளாச்சு, மெஷின்தான் இருக்கேன்னு வாங்கல"ன்னு சொன்னாங்க. இது அவங்க தப்பு இல்ல, மெஷினும் மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செய்யும்னு யாராவது உக்கார வச்சு பொறுமையா சொல்லியிருக்கணும்.

86% நல்ல மார்க் மாதிரிதான் தெரியும். நிமிஷத்துக்கு 80ன்னா ஒரு நாளைக்கு 1,15,200 துடிப்பு, அதுல 10% தவறினாலே பதினோராயிரத்துக்கு மேல. 2011ல அமெரிக்காவுல ரிமோட் மானிட்டரிங்ல இருந்த 36,935 பேரோட கணக்கைப் பாத்தப்போ 98.5%க்கு மேல பேசிங் இருந்தவங்கதான் அதிகமா உயிர் பிழைச்சிருக்காங்க. அதனால நாங்க 100ஐ ஒட்டி எவ்ளோ கிட்ட போக முடியுமோ அவ்ளோ பாக்கறோம்.

இதுலயும் ஒரு சிக்கல், மெஷின் காட்டற பர்சன்ட்டை அப்படியே நம்பிடவும் முடியாது. இதயம் தானா துடிக்க ஆரம்பிச்ச அதே நொடியில மெஷினும் கரன்ட் விட்டா, ரெண்டும் கலந்து ஒரு அரைகுறைத் துடிப்பு வரும், மெஷின் அதையும் தன் கணக்குல எழுதிக்கும். 2009ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, மெஷின் 90%க்கு மேல காட்டின 19 ஏ.எஃப் பேஷன்ட்டுக்கு ஹோல்டர் (நாள் பூரா ஈ.சி.ஜி பதியற சின்ன மெஷின்) மாட்டிப் பாத்ததுல 9 பேருக்குத்தான் உருப்படியா பேசிங் கிடைச்சிருந்துச்சு. நம்பர் நல்லா இருந்தும் மூச்சு வாங்கறது குறையலன்னா 24 மணி நேர ஹோல்டர் தேவையான்னு டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க.

சரி, குறைஞ்சா என்ன பண்றது? மொதல்ல மாத்திரை, பீட்டா பிளாக்கர், தேவைப்பட்டா டிகாக்சின். (டில்டியாசம், வெரபமில் ரெண்டும் பம்பிங் கம்மியா இருக்கறவங்களுக்கு ஆகாது, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கிப் போட்டுடாதீங்க.) தைராய்டும் ஒரு தடவை பாத்துடணும். ஏ.எஃப் புதுசா வந்தவங்களுக்கு அதையே அப்லேஷன் (வயர் விட்டுச் சூடு வைக்கற மாதிரி சிகிச்சை) பண்ணி சரியான துடிப்புக்குக் கொண்டு வர முடியுமான்னு டாக்டர் பாப்பாங்க.

இதுக்கெல்லாம் மசியலன்னா ஏ.வி நோட் அப்லேஷன். தொடையில இருக்கற ரத்தக்குழாய் வழியா ஒரு வயரை விட்டு, மேலேர்ந்து கீழ கரன்ட் இறங்கற அந்த ஒரே வாசலைச் சூடு வச்சு மூடிடறது. அதுக்கப்புறம் மேல என்ன கூத்து நடந்தாலும் கீழ இறங்காது, ஒவ்வொரு துடிப்பும் மெஷின் கொடுக்கறதுதான். 2021ல வெளிவந்த ஏபாஃப்-சி.ஆர்.டிங்கற ஐரோப்பிய ஆய்வுல க்யூ.ஆர்.எஸ் குறுகலா இருந்த 133 நிரந்தர ஏ.எஃப் பேஷன்ட்டுங்களைப் பாத்தாங்க, மாத்திரை மட்டும் எடுத்தவங்கள்ல 29% பேர் இறந்துட்டாங்க, அப்லேஷனும் சி.ஆர்.டியும் பண்ணினவங்கள்ல 11%. சின்ன ஆய்வுதான், ஆனா அந்த வித்தியாசத்தை லேசா எடுத்துக்க முடியாது.

வீட்டுல எல்லாரும் பயப்படறது "அப்போ மெஷின் நின்னா ஆள் அவ்ளோதானா?"ன்னு. பயம் நியாயமானதுதான், இதுக்கப்புறம் அவங்க முழுசா மெஷினை நம்பித்தான் இருக்கணும், திரும்பப் பழையபடி மாத்தவும் முடியாது. ஆனா பேட்டரி திடீர்னு அணையாது, மாத்தணும்னு மாசக்கணக்குல முன்னாடியே காட்டிடும், அதுக்குத்தான் செக்கிங்குக்கு வாங்க வாங்கன்னு கூப்பிடறோம். பண்ணின புதுசுல மெஷினை 80, 90ல வச்சிருப்போம், படபடன்னு இருக்குன்னு சிலர் குறைக்கச் சொல்வாங்க, அந்த சமயத்துல துடிப்பு ரொம்ப மெதுவா இருந்தா ஆபத்தான வேற துடிப்பு கிளம்ப வாய்ப்பு இருக்கறதாலதான் ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு மெல்லமா இறக்கறோம்.

இன்னொண்ணு, அப்லேஷன் முடிஞ்சு துடிப்பு சீரானதும் ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை சில பேர் தாங்களாவே நிறுத்திடறாங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. கீழ் அறைதான் சீராச்சு, மேல் அறையில ஏ.எஃப் அப்படியேதான் ஓடிட்டு இருக்கு, அங்க ரத்தம் கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வர்ற ஆபத்தும் அப்படியேதான் இருக்கு. அந்த மாத்திரைல அசிட்ரோம் எடுக்கறவங்க ஐ.என்.ஆர்ங்கற ரத்த உறைவு டெஸ்ட் பாக்கற தேதியையும் விட்டுடாதீங்க, டாக்டர் வாயால நிறுத்துங்கன்னு சொல்ற வரைக்கும் அந்த மாத்திரை தொடரணும்.