செயற்கை கஞ்சா: சட்டம் என்ன சொல்கிறது?

‘இது கஞ்சா இல்லை, போலீஸ் பிடிக்காது’ என்று சொல்லி யாராவது ஒரு பொட்டலத்தை நீட்டினால், முதல் பாதி மட்டுமே உண்மை.

செயற்கை கஞ்சா என்பது ஏதோ ஓர் உலர்ந்த இலையின்மேல் ஆய்வுக்கூட ரசாயனத்தைக் கரைத்துத் தெளித்த சரக்கு. மூளையில் கஞ்சா செயல்படும் அதே இடத்தில்தான் இதுவும் செயல்படுகிறது, ஆனால் மிக முரட்டுத்தனமாக. வலிப்பு, படபடப்பு, மனப்பிறழ்வு எனத் தொடங்கி உயிரிழப்பு வரை போயிருக்கிறது. தெளிப்பு சீராக இருக்காது; ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை லேசாகவும் அடுத்தது ஆபத்தாகவும் இருக்கலாம்.

இந்த ரசாயனங்களில் பெயர்பெற்ற ஜேடபிள்யூஎச்-018, அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் ஆராய்ச்சிக்காக உருவாக்கியது. 2008 இறுதியில் ஜெர்மனியில், ‘ஸ்பைஸ்’ என்று விற்ற உறைகளுக்குள் அது இருப்பது தெரியவந்தது. 2009 ஜனவரியிலேயே அங்கே தடை வந்தது. வியாபாரிகள் மூலக்கூறைச் சற்றே மாற்றினார்கள். புதுப்பொருள் பட்டியலில் இல்லை! இந்த ஓட்டையை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக அடைத்தது. பிரிட்டன் 2016-இல் மனத்தைப் பாதிக்கும் பொருட்களின் விற்பனையையே மொத்தமாகத் தடுத்தது. சீனா 2021 ஜூலை முதல் செயற்கை கஞ்சா வகை முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நியூசிலாந்து மட்டும் 2013-இல், பாதுகாப்பானது என்று நிரூபித்தால் விற்கலாம் என்றது. அடுத்த ஆண்டே தற்காலிக அனுமதிகளையெல்லாம் ரத்து செய்தது. மதுரைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2024 ஜூன் முதல் அங்கே பொருளின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, அது மனத்தில் ஏற்படுத்தும் விளைவையும் வைத்து வழக்குத் தொடர முடியும்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் என்.டி.பி.எஸ்., கட்டுப்படுத்தும் பொருட்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும் அட்டவணை முறையில் இயங்குகிறது. மத்திய அரசு அரசிதழ் அறிவிப்பு மூலம் புதுப்பொருட்களைச் சேர்க்கலாம். அட்டவணையில் உள்ள ரசாயனம் என்றால், உறையில் ‘மூலிகை’ என்று அச்சிட்டிருப்பது காப்பாற்றாது.

பிடிபட்ட சரக்கின் எடையைப் பொறுத்தே தண்டனை; இந்த எடைக் கணக்குதான் பலருக்குத் தெரியாத இடம். கஞ்சாவில் 1 கிலோ வரை ‘சிறிய அளவு’. 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’, அதற்கு 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். ரசாயன வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை கிராம் கணக்கிலேயே வந்துவிடும். தூய ரசாயனத்தை மட்டும் எடை போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கலந்திருக்கும் பிற பொருளின் எடையையும் சேர்க்க வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலையில் தெளித்த சரக்குக்கு இது எவ்வளவு பாதகம் என்று யோசித்துப் பாருங்கள். ‘உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது’ என்று வாதாடினால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவருடையதே.

உடலைச் சோதனையிடும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு (பிரிவு 50). இதைக் காவலரே எடுத்துச் சொல்ல வேண்டும். ஆனால் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் கையிலிருக்கும் பையை மட்டும் சோதித்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. மதுரையில் இத்தகைய வழக்குகளுக்கென்றே சிறப்பு நீதிமன்றங்கள் உள்ளன.

பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கிய, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால், பிரிவு 64ஏ அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். எனவே சேர்க்கைச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, விற்பனை பற்றித் தகவல் தர 10581. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.